நாய்க்கு வேலி போடும்போது தவிர்க்க வேண்டியவை

புதிதாக நாய் வளர்க்கிறவர்கள் வேலியைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை அடி உயரம் வேண்டும்?" என்பதுதான். சின்ன நாய்க்கு 4 அடி, துள்ளிக் குதிக்கிற பெரிய நாய்க்கு 6 அடி. பதில் அவ்வளவுதான். ஆனால் நான் பார்த்தவரை, வேலியைத் தாண்டி ஓடிய நாய்கள் குறைவு. அடியில் நுழைந்து போனவையும் கேட் வழியாகப் போனவையும்தான் அதிகம்.

தூண் கோணலாக நிற்பது, வாங்கிய வலை பத்தாமல் போவது இதெல்லாம் அன்றைக்கே கண்ணில் படும், அன்றைக்கே சரி செய்துவிடலாம். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு மழைக்காலம் போன பிறகு தலைகாட்டும் தவறுகள் வேறு. ஆரம்பத்தில் நான் செய்தவற்றையே இன்றைக்கு வருகிறவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

வலையை நேராக மண்ணுக்குள் இறக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். இது சோம்பேறிகள் செய்யும் தவறு அல்ல, நன்றாக உழைக்கிறவர்கள் செய்வது. நாய் தோண்டும் என்று முன்கூட்டியே யோசித்து, வேலி நெடுக ஒன்றரை அடிக்குப் பள்ளம் வெட்டி, வலையின் அடிப்பகுதியை அதற்குள் இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்து மூடுவார்கள். முதுகு ஒடிகிற வேலை. வேர் குறுக்கே வரும், கல் வரும், நேரம் சரியில்லை என்றால் தண்ணீர்க் குழாயும் உடையும். முடித்ததும் இனி கவலையில்லை என்று படுத்துவிடுவார்கள்.

வெட்டி மூடிய மண் எத்தனை மிதித்தாலும் இளக்கமாகத்தான் இருக்கும். சுற்றிலும் தரை கெட்டியாகக் கிடக்க, வேலியை ஒட்டி மட்டும் மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிக் கொடுத்திருக்கிறோம். நாய் வேறெங்கே தோண்டும்? ஒன்றரை அடி என்பது நமக்குத்தான் ஆழம். தோண்டுவதில் ருசி கண்ட நாய்க்கு, வீட்டில் ஆளில்லாத ஒரு மத்தியானம் போதும். டெரியர், டாஷண்ட் போன்ற இனங்களை வளைக்குள் பதுங்கும் பிராணிகளைத் துரத்திப் பிடிக்கவென்றே மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக உருவாக்கினார்கள். அவற்றோடு ஆழத்தில் போட்டி போட்டு ஜெயிக்க முடியாது.

உறவுக்காரர் ஒருவர் போட்டியை விடவில்லை. ஒன்றரை அடி பலிக்கவில்லை என்றதும் இரண்டரை அடி இறக்கினார். நாய் வெளியே வந்த இடத்தில் பெரிய கல்லாகப் பார்த்துப் போட்டு அடைத்தார். அது நாலு எட்டு தள்ளிப் போய்த் தோண்டியது. கடைசியில் வேலியின் அடிநெடுக கான்கிரீட் போட்டார். அதற்கு ஆன செலவில் இன்னொரு வேலியே கட்டியிருக்கலாம். "இந்த நாய்க்கு அறிவு அதிகம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அறிவெல்லாம் இல்லை. அவர் தோண்டச் சொன்ன இடத்தில் அது தோண்டியது.

நாய் தோண்டும்போது கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மூக்கை வலையோடு வைத்துக்கொண்டு, அதே இடத்தில் முன்னங்காலால் பறிக்கும். இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் வெட்டலாம் என்ற யோசனை பெரும்பாலும் வராது. ஆகவே வலையை நிற்க வைத்துப் புதைக்காதீர்கள். உள்பக்கமாகத் தரையில் படுக்கப் போடுங்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் எல் எழுத்து போலத் தெரிய வேண்டும். வேலியோரம் நாய் எங்கே காலை வைத்துப் பறித்தாலும் கம்பிதான் தட்டுப்படும்.

2 அடி அகலமுள்ள ஜிஐ வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்த வலை) போதும். ஒரு விளிம்பை வேலியின் அடியோடு அரை அடிக்கு ஒரு கட்டாகக் கட்டுக்கம்பியால் முறுக்குங்கள். முறுக்கிய முனைகளைக் கீழ்நோக்கி மடக்கிவிட மறக்க வேண்டாம், பாதத்தைக் கிழித்துவிடும். மறு விளிம்பை யு மாதிரி வளைத்த கம்பிகளால் தரையோடு அடித்து இறுக்குங்கள். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் அரை அடியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். மூலைகளில் இடைவெளி விடவே கூடாது, நாய்களுக்கு மூலை என்றால் தனிப் பிரியம். மேலே இரண்டு அங்குலம் மண்ணைப் பரப்பினால் புல் வலைக்கண் வழியாக முளைத்து, வேரோடு வலையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். புல் வரும்வரை நகம் மாட்டாமல் இருக்கத் தட்டைக் கற்களை வைக்கலாம். வெளியிலிருந்து வேறு நாய்கள் தோண்டிக்கொண்டு வருவதுதான் தொல்லை என்றால், வெளிப்பக்கமும் இதேபோல் ஒரு பட்டை.

இன்னொரு வசதியும் உண்டு. ஈர மண்ணில் ஜிஐ கம்பியும் ஒருநாள் துருப்பிடிக்கும். படுக்கப் போட்ட வலையை வருடத்துக்கு ஒருமுறை மண்ணை விலக்கி இழுத்துப் பார்த்துவிடலாம். நட்டுக்குத்தாகப் புதைத்தது எப்போது இற்றுப்போனது என்று நாய்தான் சொல்ல வேண்டும்.

வலையைத் தூணுக்கு வெளிப்பக்கம் அடிப்பது

வெளியிலிருந்து பார்க்க லட்சணமாக இருக்கும் என்று மரத்தூணின் வெளிப்பக்கம் வலையை அடிக்கிறார்கள். நாய் உள்ளிருந்து மோதுகிறது. ஒவ்வொரு மோதலும் யு ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கும். உள்பக்கம் அடித்திருந்தால் அதே மோதல் வலையைத் தூணோடு அழுத்தியிருக்கும்.

குறுக்குச் சட்டத்தை நாயின் பக்கம் வைப்பது

ஏணி கட்டிக் கொடுத்த மாதிரி. மரப்பெட்டி, விறகு அடுக்கு, நாயின் கூண்டு எதுவும் வேலியோரம் வேண்டாம்.

கோழிவலை

அது கோழிக்கு.

கேட்டைக் கடைசியில் யோசிப்பது

வேலிக்கு நல்ல வலை, நல்ல தூண் எல்லாம் வாங்கிவிட்டு, மிச்சம் மீதியில் கேட் செய்வார்கள். உண்மையில் முழு வேலியிலும் அதிகம் உழைப்பது அதுதான். அது தொங்கும் தூண் மற்றவற்றைவிடப் பருமனாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும். மற்ற தூண்களுக்கு நீளத்தில் கால் பாகத்திலிருந்து மூன்றில் ஒரு பாகம் வரை மண்ணுக்குள் போனால் போதும். கேட் தூணுக்கு அந்தக் கணக்கில் கஞ்சத்தனம் காட்டினால், கொஞ்ச நாளில் கேட் தலை சாய்ந்து, கொண்டி துளையில் பொருந்தாமல் போய், ஆட்கள் கயிறு போட்டுக் கட்ட ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஒருநாள் கயிறு கட்ட மறந்துவிடும்.

கேட் உள்பக்கம் திறக்கும்படி வையுங்கள். நாய் முட்டினால் அது மூடத்தான் செய்யும். நீங்கள் உள்ளே நுழையும்போதும் கேட்டே நாயைப் பின்னால் தள்ளும். தூக்கினால் விடுகிற கொண்டி மட்டும் போதாது. பக்கத்து வீட்டு லாப்ரடார் அதை மூக்கால் தூக்கித் திறந்துகொண்டு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்திருக்கும். திரும்பக் கொண்டுபோய் விட்டால், எனக்கு முன்னால் மறுபடி வந்துவிடும். கொண்டியின் துளையில் ஒரு கொக்கி கிளிப் மாட்டிய பிறகுதான் அது நின்றது. தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கீல் போட்டால் இன்னும் நல்லது. கேட்டுக்கு அடியில் மட்டும் வலையைப் படுக்கப் போட முடியாது, கால் தடுக்கும். அங்கே கல் பலகை பதியுங்கள்.

தூணுக்குப் போட்ட கான்கிரீட் ஆறுவதற்குள் வலையை இழுத்துக் கட்டுவது

ஒரு வாரம் பொறுங்கள். இல்லாவிட்டால் மூலைத் தூண்கள் உள்ளே சாயும். மூலைகளுக்கு முட்டுக்கால் கொடுப்பது தனி.

முள்கம்பி

கூடாது. தாண்ட நினைக்கிற நாய் வயிற்றைக் கிழித்துக்கொண்டாவது தாண்டும்.

வேலியோரம் சங்கிலியில் கட்டுவது

வேலி இருந்தும் சிலர் "எதற்கும் இருக்கட்டும்" என்று கட்டிவைக்கிறார்கள். கட்டிய நாய் வேலியைத் தாண்டிக் குதித்தால் மறுபக்கம் கழுத்தில் தொங்கிச் சாகும். மிகைப்படுத்தவில்லை.

கழுத்துப்பட்டையில் ஷாக் தரும் வேலி

மண்ணுக்குள் ஒயர், நாயின் கழுத்தில் கருவி. பூனையைப் பார்த்த வேகத்தில் ஷாக்கைத் தாங்கிக்கொண்டு ஓடிவிடும் நாய், ஆவேசம் தணிந்தபின் அதே ஷாக்குக்குப் பயந்து திரும்ப வராமல் வெளியே நிற்கும். தெருநாய் உள்ளே வருவதையும் அது தடுக்காது.

வேலி முடிந்த அன்றே நாயைத் தனியாக விடுவது

முதல் சில நாட்கள் கூடவே சுற்றுங்கள். எங்கே நின்று மோந்து பார்க்கிறது, எந்த மூலைக்குத் திரும்பத் திரும்பப் போகிறது என்று கவனித்து அந்த இடங்களில் கட்டுகளை இறுக்குங்கள். தெருவில் போகிறவர்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே வேலியோரம் ஓடினால், அந்தப் பக்கம் மட்டும் நாயின் தலை உயரத்துக்கு மேல் வரும்படி மறைப்பு கட்டுங்கள்.