சென்னையா கோவையா? குடும்பத்தோடு ஊர் மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 கோடையில் மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு போர் வற்றிவிட்டது. லாரிக்குச் சொல்லிவிட்டு நாள் கணக்கில் காத்திருப்போம், வந்தாலும் நடு ராத்திரியில்தான் வரும், சம்பைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் முழித்திருக்க வேண்டும். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்தச் செய்தியைப் பார்த்த அன்றே நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம்: கோயம்புத்தூருக்குப் போய்விடலாம். செப்டம்பரில் காலாண்டு விடுமுறைக்குள் வந்தும் விட்டோம். வந்ததில் இன்றுவரை எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் முதல் இரண்டு வருஷம் பட்ட பாடு இருக்கிறதே, அதில் பாதிக்கு மேல் நாங்களாக இழுத்துக்கொண்டது. இப்போது சென்னையிலிருந்து இங்கே வர நினைப்பவர்கள், இங்கிருந்து அங்கே போக நினைப்பவர்கள் என்று நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எதிலிருந்து தப்பி ஓடுகிறோமோ அதை மட்டுமே பார்த்துப் புது இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். தண்ணீருக்குத் தவித்த எங்களுக்கு வடவள்ளியில் சிறுவாணித் தண்ணீர் வரும் என்று கேட்டதுமே வேறு எதுவும் கண்ணில் படவில்லை. தண்ணீர் நிஜமாகவே தேன்தான். ஆனால் கணவரின் அலுவலகம் சரவணம்பட்டியில், மகளுக்குக் கிடைத்த பள்ளி பீளமேட்டில். ஊரின் மேற்குக் கோடியில் வீட்டை வைத்துக்கொண்டு அவர் தினமும் லாலி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, கணபதி என்று ஊரையே குறுக்கே வெட்டிக்கொண்டு போவார். மகள் காலை ஏழு மணிக்கு முன்பே வேனில் ஏறுவாள். சென்னையில் மூன்று பேரும் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டில் இருந்தோம், இங்கே எட்டு மணி ஆகிவிடும். வெள்ளத்துக்குப் பயந்து வருபவர்கள் மேட்டு நிலத்தை மட்டும் பார்ப்பார்கள், நெரிசலுக்குப் பயந்து வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து காலியான ரோட்டைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள், எல்லாம் ஒரே கதைதான்.

ஊர் எதுவானாலும் நாம் வாழப்போவது ஒரு சின்ன வட்டத்துக்குள். வீடு, பள்ளி, வேலை, அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆள், இந்த நான்கும் எங்கெங்கே இருக்கின்றன என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணா நகரில் இருப்பவர் வாழும் சென்னை வேறு, முடிச்சூரில் இருப்பவர் வாழும் சென்னை வேறு. ஆர்.எஸ்.புரமும் கோவைதான், கீரணத்தமும் கோவைதான். 'சென்னை நல்லதா, கோவை நல்லதா' என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இந்த வீட்டிலிருந்து இந்தப் பள்ளிக்குத் திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள், அதற்குப் பதில் உண்டு. ஒரு நாள் லீவு போட்டு அந்த நேரத்துக்கு அந்த வழியில் வண்டி ஓட்டிப் பாருங்கள்.

தப்பான மாதத்தில் வந்து பார்ப்பது

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கோயம்புத்தூருக்கு வருபவர்கள் மயங்காமல் திரும்பிப் போக முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசிக்கொண்டே இருக்கும், வானம் மப்பாக இருக்கும், மின்விசிறிகூட வேண்டாம். அந்த ஞாபகத்தில் வந்து குடியேறி ஏப்ரல் வெயிலைப் பார்த்ததும் 'ஏமாந்துட்டோமோ' என்பார்கள். ராத்திரியில் சென்னை மாதிரி கசகசக்காது என்பது உண்மை, ஆனால் பகல் வெயில் வெயில்தான். அதனால் கோவையை ஏப்ரலில் பாருங்கள், சென்னையை நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ, நல்ல மழைக்கு மறுநாள் பாருங்கள்.

சென்னையில் வீடு பார்க்கிறீர்கள் என்றால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்காமல் பேச்சையே ஆரம்பிக்காதீர்கள். தரகரிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. தெருமுனை மளிகைக் கடைக்காரர், இஸ்திரி போடுபவர், எதிர்வீட்டுப் பெரியவர், இவர்களைக் கேளுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், வரதராஜபுரம் என்று பெயரைக் கேட்டதும் பயந்து ஓடவும் வேண்டாம், ஒரே பகுதியில் இரண்டு தெரு தள்ளி முழங்கால் அளவுகூடத் தண்ணீர் ஏறாத வீடுகள் உண்டு. கோவையில் வெள்ளமே வராது என்பதும் பாதி உண்மைதான். ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் லங்கா கார்னரில் வண்டி போக முடியாது. குளத்துக்கும் வாய்க்காலுக்கும் பக்கத்தில் போட்ட மனைகளில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'அங்கே தண்ணீர்ப் பிரச்சினையே கிடையாது'

எங்களைக் கோவைக்குக் கூட்டிவந்த வாக்கியம் இது. உண்மை என்னவென்றால் இரண்டு ஊரிலும் கஷ்டம் உண்டு, கஷ்டத்தின் வகைதான் வேறு. கோவையில் பெரும்பாலும் மேற்குப் பக்கம் சிறுவாணி, வடக்கிலும் கிழக்கிலும் பில்லூர், குறிச்சி பக்கம் ஆழியாறு என்று தண்ணீர் பிரிந்து வருகிறது. எந்தத் தண்ணீர் என்பதைவிட எத்தனை நாளைக்கு ஒரு தடவை விடுகிறார்கள் என்பதைக் கேளுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை, கோடையில் அதைவிடத் தள்ளிப் போகும் இடங்களும் இருக்கின்றன. இங்கே வீடுகளில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, உப்புத் தண்ணீருக்கு ஒரு தொட்டி என்று தனித்தனியாக இருக்கும். நல்ல தண்ணீர்த் தொட்டி சின்னதாக இருந்தால் எந்த ஆறு உங்கள் குழாய்க்கு வருகிறது என்பதில் ஒரு லாபமும் இல்லை. ஊரின் ஓரங்களில் ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வந்தது என்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். சிறுவாணி அணை இருப்பது கேரளத்துக்குள், அங்கே மழை பொய்த்தாலோ தேக்கும் அளவைக் குறைத்தாலோ இங்கே குழாயில் தெரியும்.

சென்னையை 2019 கோடையை வைத்து மட்டும் எடைபோடுவதும் நியாயமில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளோடு வீராணமும் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகளும் இருக்கின்றன, 2024இல் நெம்மேலியில் இன்னொரு ஆலையும் திறந்தார்கள். ஆனால் அந்தக் குழாய் உங்கள் தெருவுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் பல அடுக்குமாடிகள் லாரியை நம்பித்தான் ஓடுகின்றன, வாடகையோடு மாதப் பராமரிப்புத் தொகையையும் கேட்டால் கதை புரிந்துவிடும்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோவையில் வாடகை குறைவு என்று கணக்குப் போட்டோம், ரேஸ் கோர்ஸ், சாயிபாபா காலனி பக்கம் விசாரித்ததும் அந்தக் கணக்கு மாறிவிட்டது. தள்ளிப் போனால் குறைவுதான், ஆனால் இங்கே தாம்பரம்-பீச் மாதிரி மின்சார ரயில் இல்லை, மெட்ரோவும் இல்லை. டவுன் பஸ் உண்டு, இருந்தாலும் வீட்டுக்கு இரண்டு வண்டி இல்லாமல் எங்களால் சமாளிக்க முடியவில்லை. சென்னையில் ரயில் சீசன் டிக்கெட்டில் வேலைக்குப் போய்வந்தவருக்கு இங்கே பெட்ரோலுக்கு எவ்வளவு ஆகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் வரப்போகும் திட்டத்தை நம்பி இடம் வாங்குவது. வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007இல் வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர், அதற்காக மக்கள் பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். கோவை மெட்ரோ திட்ட அறிக்கையை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. இன்று ஓடுவதை மட்டும் நம்புங்கள்.

ஒருவர் வேலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது

கணவருக்கு சரவணம்பட்டியில் வேலை உறுதியான பிறகுதான் வந்தோம். எனக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கிண்டியில் ஏற்றுமதி நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவள். இங்கே நூற்பாலை, பம்பு, மோட்டார், வார்ப்படம் என்று தொழில் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. ஆனால் புதிதாக வந்தவளுக்குத் தெரிந்த ஆள் மூலமாகத்தான் கதவு திறந்தது, அதற்கு ஒன்றரை வருஷம் ஆனது. இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இந்த வேலை போனால் இதே ஊரில் அடுத்தது கிடைக்குமா? சென்னையில் ஓ.எம்.ஆரில் வேலை போனால் கிண்டி, அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் என்று தேட இடமுண்டு. கோவையில் சில துறைகளுக்கு நிறையவும் சில துறைகளுக்கு இரண்டு மூன்று நிறுவனங்களும்தான் இருக்கும். வீட்டிலிருந்தே வேலை என்று நம்பி 2020, 2021இல் இங்கே வந்து வீட்டுக்கடன் வாங்கியவர்கள் சிலர் இன்று வாரா வாரம் ரயிலில் போய்வருகிறார்கள், ஒரு வழிக்கே ஐநூறு கிலோமீட்டர்.

நாங்கள் வருஷத்தின் நடுவில் வந்ததும் தப்பு. மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. சென்னைப் பள்ளியில் கட்டிய பணம் திரும்பி வரவில்லை, இங்கே முழு வருஷக் கட்டணமும் கேட்டார்கள். பணம்கூடப் போகட்டும், எல்லோரும் ஜோடி சேர்ந்துவிட்ட வகுப்பில் அக்டோபரில் போய் உட்கார்ந்த பிள்ளை மார்ச் வரை தனியாகத்தான் சாப்பிட்டாள், அப்புறம் ஊரடங்கு வந்துவிட்டது. ஜூனில் பள்ளி திறக்கும்போது சேருகிற மாதிரி வாருங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்தப் பரீட்சை முடியும்வரை ஊர் மாறும் பேச்சே வேண்டாம்.

வந்த உடனே மனை வாங்குவது

'மலையடிவாரத்தில் மனை' என்ற விளம்பரத்துக்குச் சென்னைக்காரர்கள்தான் முதலில் விழுகிறோம். தடாகம், மருதமலை, தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கமெல்லாம் யானை வரும் இடங்கள். வாழைத் தோட்டத்துக்கு மட்டும் வரும் என்று நினைக்காதீர்கள், வீட்டு வாசலுக்கும் வரும், வருகிற வழி அதனுடையது. மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வரும் கிராமங்களில் கட்ட அனுமதி வாங்குவதும் சுலபமில்லை. எந்த ஊரானாலும் டி.டி.சி.பி. (நகர ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சென்னைப் பக்கம் என்றால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம், பட்டா, வில்லங்கச் சான்று, நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படம் நான்கையும் வக்கீலிடம் காட்டுங்கள். 2016 அக்டோபர் 20க்குப் பிறகு பிரித்த அங்கீகாரமில்லாத மனை என்றால் வரன்முறை (பின்னால் அங்கீகரித்துக் கொடுப்பது) கிடைக்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். புலப்படத்தில் ஓடையோ வாய்க்காலோ தெரிந்தால் நேரில் போய் அது எங்கே ஓடுகிறது என்று நடந்து பாருங்கள், பல இடங்களில் அதன் மேல்தான் ரோடு போட்டிருப்பார்கள்.

குறைந்தது ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். பழைய ஊரில் சொந்த வீடு இருந்தால் அந்த ஒரு வருஷம் விற்கவும் வேண்டாம். நாங்கள் மடிப்பாக்கம் வீட்டை விற்கவில்லை, பயத்தில் செய்த ஒரே நல்ல காரியம் அது. திரும்பிப் போக ஒரு இடம் இருந்ததால்தான் இங்கே நிதானமாக யோசிக்க முடிந்தது. வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் வடவள்ளியை விட்டு விளாங்குறிச்சிக்கு மாறினோம். இங்கே சிறுவாணி இல்லை. பத்து நாளைக்கு ஒரு தடவை வரும் நாட்களும் உண்டு, அதற்குத் தகுந்த தொட்டி இருக்கிறது. கணவர் பதினைந்து நிமிஷத்தில் அலுவலகம் போகிறார், பள்ளி பக்கம். எனக்குத் தாமதமானால் மகள் கீழ்வீட்டு அக்காவிடம் போய்விடுவாள், அவர்களிடம் பழகிப் பழகி இப்போது என்னிடமே "ஏனுங்கம்மா" என்கிறாள்.