எழுத்தைத் தூக்கி வரும் கல்: டீவி கல்லைப் பார்ப்பது, மினுக்குவது, மலைநாட்டு ஈரத்தில் காப்பது

வெள்ளைக் கல் ஒன்றை நாளிதழின் மீது வைக்கிறோம். ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பு. குனிந்து பார்த்தால் எழுத்துகள் கல்லுக்கு அடியில் தெரிவதில்லை. கல்லின் மேல்முகத்தில், அங்கேயே அச்சடித்தது போல நிற்கின்றன. என் வகுப்பில் இதை முதலில் பார்த்த பிள்ளை, "டீச்சர், எழுத்து மேல ஏறி வந்துருச்சு!" என்று கத்தினாள். அவள் சொன்னதை விடச் சரியான விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கல்லின் பெயர் யுலெக்சைட். இதன் வேதியியலைச் சரியாக ஆராய்ந்து சொன்ன ஜேர்மன் வேதியியலாளர் ஜோர்ஜ் லுட்விக் உலெக்ஸின் நினைவாக 1850இல் இட்ட பெயர். கடைக்காரர்களும் பிள்ளைகளும் டீவி கல் என்பார்கள். இலங்கை மலைநாட்டில், எங்கள் ஹட்டன் பக்கம் எந்த ஆற்றிலும் எந்தக் குழியிலும் இது கிடைக்காது. வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா மகள் ஊருக்கு வந்தபோது எனக்கு ஒன்று கொண்டுவந்தாள். இப்போது இணையத்தில் வாங்கியவர்கள் சிலர், என்ன செய்வது, எப்படி வைத்திருப்பது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் கல்லை ஒரு தரம் தெரிந்துகொள்ளுங்கள். சோடியம், கல்சியம், போரோன் மூன்றும் நீரோடு சேர்ந்து உண்டான போரேற்றுக் கனிமம் இது. போரோன் நமக்கு அந்நியமில்லை. பொற்கொல்லர் நகையை ஒட்டும்போது தூவுகிற வெங்காரம் போரோன் சேர்ந்தது. கரம் பலகையில் காய் வழுக்கிப் போகத் தூவும் வெள்ளைத் தூள் பெரும்பாலும் போரிக் அமிலம். தோரமல்லிக் கல்லிலும் போரோன் உண்டு. நம் நாட்டு இரத்தினச் சரளையிலிருந்தே ஒரு போரேற்றுக் கல் உலகத்துக்கு அறிமுகமானது. பழுப்பு நிறப் பெரிடொட் என்று நெடுங்காலம் நம்பி விற்ற கல், உண்மையில் தனிக் கனிமம் என்று 1952இல் தெரிந்ததும் சின்ஹலைட் என்று பெயர் வைத்தார்கள். அது உறுதியான கல், ஆற்று மணலில் உருண்டு புரண்டாலும் தாங்கும். யுலெக்சைட் அப்படியில்லை. வறண்ட நிலத்து ஏரிகளில் தண்ணீர் வற்றி வற்றி மிஞ்சிய உப்பில் பிறந்தது. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் போரோன் என்றே பெயர் கொண்ட ஊர் இருக்கிறது. டீவி கல்லுக்குப் பேர்போன இடம் அதுதான். வட்டவளை போல வருடத்தில் 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இடத்தில் இந்தக் கல் உருவாகியிருக்கவே முடியாது. கடைசிப் படியில் இந்த விஷயத்துக்குத் திரும்பி வருவேன்.

முதலாவது படி: முகங்களை அடையாளம் காணுங்கள்

கல்லை ஜன்னல் பக்கம் பிடித்து மெல்லத் திருப்புங்கள். நான்கு பக்கங்கள் பட்டுத் துணி மாதிரி மின்னும், ஆனால் ஊடாக எதுவும் தெரியாது. மற்ற இரண்டு முகங்கள் எதிரெதிராக, மினுக்கிய கண்ணாடி போல இருக்கும். பட்டுப் பக்கத்தில் உற்றுப் பார்த்தால் தலைமயிரை விட மெல்லிய நேர்கோடுகள் ஒரு கண்ணாடி முகத்திலிருந்து மற்றதற்கு ஓடுவது தெரியும். அவைதான் இழைகள். வாழைத்தண்டை முறித்தால் வரும் நார் மாதிரி நினைத்துக்கொள்ளலாம், வளைவு இல்லாமல், இடைவெளி இல்லாமல் அடுக்கிய நார்.

இந்த இடத்தில் போலியையும் பார்த்துவிடுவோம். நார் போன்ற ஜிப்சம் பார்வைக்கு இதே மாதிரி வெள்ளைப் பட்டாக இருக்கும். ஆனால் எழுத்தை இவ்வளவு தெளிவாகத் தூக்கித் தராது. இன்னொன்று, கண்ணாடி இழைகளை உருக்கி ஒட்டிச் செய்த செயற்கைக் கல். நீலம், பச்சை, சிவப்பு என்று பளிச்சென்ற நிறங்களில் பூனைக்கண் என்று விற்பார்கள். பூதக்கண்ணாடியால் இழை முனையைப் பார்த்தால் தேன்கூடு போல ஒரே அளவுக் கட்டங்கள் தெரியும், கையிலும் கனக்கும். யுலெக்சைட் நினைத்ததை விட எடை குறைவு. தண்ணீரின் அடர்த்தியைப் போல இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவுதான்.

இரண்டாவது படி: ஒட்டி வையுங்கள், பிறகு தூக்குங்கள்

கண்ணாடி முகம் ஒன்று கடதாசியைத் தொடும்படி எழுத்தின் மீது வையுங்கள். எழுத்து மேலே வந்துவிடும். பெரிதாகவும் ஆகாது, தலைகீழாகவும் திரும்பாது. இப்போது கல்லை ஒரு மில்லிமீற்றர் தூக்குங்கள். எழுத்து கலங்கும். ஐந்து மில்லிமீற்றர் தூக்கினால் வெறும் சாம்பல் நிறம்தான் மிஞ்சும்.

அவசரப்பட்டு அடுத்ததுக்குப் போகாமல், இதைப் பத்துத் தடவை செய்து பாருங்கள். கல்லின் இரகசியம் முழுவதும் இந்த ஒரு மில்லிமீற்றரில் இருக்கிறது.

ஒவ்வோர் இழையும் தன் கீழ்முனைக்கு நேரே இருக்கும் சிறு புள்ளியின் ஒளியை மட்டும் வாங்குகிறது. உள்ளே போன ஒளி இழையின் ஓரத்தில் சாய்வாகப் பட்டு மீண்டும் உள்ளேயே தெறிக்கிறது. சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்தோமே, முழுவுட்டெறிப்பு, அதுதான். அவதிக்கோணத்தை விடப் பெரிய கோணத்தில் படும் ஒளிக்கு வெளியே போக வழியில்லை. ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் முறிவுச்சுட்டி இந்தக் கல்லுக்கு 1.49க்கும் 1.52க்கும் இடையில். ஆகவே ஒளி இழையை விட்டு அகலாமல் மேல்முனைக்கு வந்து சேர்கிறது. பக்கத்து இழை பக்கத்துப் புள்ளியைக் கொண்டுவருகிறது. ஆயிரக்கணக்கான இழைகள் ஆளுக்கொரு புள்ளியாகச் சுமந்து வந்து மேலே வரிசை மாறாமல் இறக்கி வைத்தால், அதுவே எழுத்து. கல்லைத் தூக்கினால் ஒரு புள்ளியின் ஒளி விரிந்து பல இழைகளுக்குள் நுழைகிறது, வரிசை குலைகிறது, படம் கலங்குகிறது.

வில்லை படத்தைத் தூரத்திலிருந்து சேர்த்தெடுக்கும். இந்தக் கல் தொட்டதை மட்டும் தூக்கும். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது. பஞ்சாபில் பிறந்த பௌதிகவியலாளர் நரிந்தர் சிங் கபானி, ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் ஹரோல்ட் ஹொப்கின்ஸுடன் சேர்ந்து 1954இல் கண்ணாடி இழைக் கட்டு வழியாகப் படம் கொண்டுபோகலாம் என்று காட்டினார். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி கருவி வளர்ந்தது அந்த வழியில்தான். நம் ஊர்க் கம்பங்களில் இழுத்துவரும் ஃபைபர் இணையக் கம்பியிலும் இதே தெறிப்புத்தான் வேலை செய்கிறது. பாலைவன மண் அதைத் தானாகவே, எந்தத் தொழிற்சாலையும் இல்லாமல் செய்து வைத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மூன்றாவது படி: ஒளியோடு விளையாடுங்கள்

கைபேசித் திரையில் வண்ணப்படம் ஒன்றைத் திறந்து அதன் மேல் கல்லை வையுங்கள். பின்னாலிருந்து ஒளி வருவதால் கடதாசியை விட இது நன்றாக எடுபடும். கல்லின் கடினம், பத்து வரை போகும் மோஸ் அளவில் 2.5தான், திரையைக் கீறாது. ஆனால் அடியில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால் அது கல்லையும் கீறும், திரையையும் கீறும். ஆகவே முதலில் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். அடுத்து அறையை இருட்டாக்கி, கண்ணாடி முகத்தில் டோர்ச் அடியுங்கள், எதிர்முகம் விளக்காகும். பட்டுப் பக்கத்தில் அடித்தால் இழைகளுக்குக் குறுக்கே ஓர் ஒளிக்கோடு நகரும். வைடூரியத்தில் பார்க்கும் பூனைக்கண் கோட்டின் உறவுதான் அது.

கல் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். மீன் தூண்டிலுக்குக் கட்டும் நிறமில்லாத தங்கூசியை, தடித்ததாக, வாங்குங்கள். ஒரு சென்ரிமீற்றர் துண்டுகளாகக் கூரிய பிளேட்டால் நறுக்கி, பேனாக் குழாயின் சிறு துண்டுக்குள் நெருக்கமாக அடையுங்கள். இரண்டு முனைகளும் சமமாக இருக்க வேண்டும், பிளேட் மழுங்கியிருந்தால் முனை நசுங்கிக் கெட்டுவிடும். ஒளிரும் கைபேசித் திரையில் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தில் குழாயை நிறுத்தி மேலிருந்து பாருங்கள். சில முனைகள் ஒளிரும், சில இருண்டிருக்கும். எழுத்தை வாசிக்க முடியாது, இழை அவ்வளவு தடிப்பு. எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளோடு நான் இதைச் செய்திருக்கிறேன். இழை எவ்வளவு மெல்லியதோ படம் அவ்வளவு தெளிவு என்பதை நான் சொல்லாமலே அவர்கள் கண்டுபிடித்தார்கள்.

நான்காவது படி: மங்கிய முகத்தை மினுக்குதல்

என் கல்லை முதல் மாதமே கெடுத்தேன். பிள்ளைகளின் கை பட்டு அழுக்காகிவிட்டதே என்று வெதுவெதுப்பான தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். காய்ந்ததும் முகம் பால் போல வெளுத்து, எழுத்து புகைமூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டது. யுலெக்சைட் குளிர்ந்த நீரில் சிறிதளவு கரையும், சுடுநீரில் இன்னும் அதிகம். முகத்தின் மினுமினுப்பு போக அதுவே போதும். உங்களுக்கும் அப்படி நேர்ந்திருந்தால் மீட்கலாம். அவசரம் மட்டும் கூடாது.

ஹார்ட்வெயார் கடையில் 400, 600, 1000, 2000 இலக்க சாண்ட் பேப்பர் வாங்குங்கள். சமமான தடித்த கண்ணாடித் துண்டின் மீது கடதாசியை விரித்து ஒட்டுங்கள். மேசைப் பலகை போதாது, அதன் மேடுபள்ளம் கல்லில் ஏறும். மூக்கையும் வாயையும் மறைத்து, வெளித் திண்ணையில் உட்காருங்கள். தூளைச் சுவாசிப்பதும் விழுங்குவதும் நல்லதல்ல. முடிந்ததும் கையைக் கழுவுங்கள், சின்னப் பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.

முதலில் கல்லின் விளிம்புகளை 600இல் இலேசாகத் தேய்த்துக் கூர் மழுக்குங்கள். இதைத் தவறவிட்டால் ஓர இழைகள் சிம்பு சிம்பாகப் பெயர்ந்து, தேய்க்கும் முகத்தில் கோடு போடும். பிறகு முகத்தைக் கடதாசியில் படிய வைத்து, எட்டு என்ற இலக்கத்தை எழுதுவது போல மெல்ல நகர்த்துங்கள். தண்ணீர் வேண்டாம், உலர்வாகவே செய்யுங்கள். அழுத்தவும் வேண்டாம், விரலின் பாரம் போதும். கல்லைச் சாய்த்துவிடாமல் இருப்பதுதான் முழு வேலை. முகம் இழைகளுக்கு நேர்செங்குத்தாக இருந்தால்தான் எழுத்து நேரே மேலே வரும்.

ஆழமான கீறல் இருந்தால் மட்டும் 400இல் தொடங்குங்கள், இல்லையென்றால் 600. முகம் முழுவதும் ஒரே மாதிரி மங்கலாக வந்த பிறகே அடுத்த இலக்கத்துக்குப் போக வேண்டும். மாறும்போது கல்லையும் கண்ணாடியையும் தூரிகையால் துடையுங்கள். பழைய கரடுமுரடான துகள் ஒன்று மிஞ்சினாலும் புதிய கடதாசியில் வேலை வீண். 2000 முடிந்ததும் தோல் துண்டு ஒன்றைக் கண்ணாடியின் மேல் இழுத்துக் கட்டி, சீரியம் ஒக்சைட் தூளை ஈரம் பட்டும் படாமலும் தடவி, சில நிமிடம் தேய்த்து உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். கல் பட்டை தீட்டுவோர் பொருள் வாங்கும் கடைகளில் அந்தத் தூள் கிடைக்கும். ஒரு முகத்துக்கு எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. இரண்டு முகத்தையும் செய்ய வேண்டும். ஒன்று மங்கலாக இருந்தாலும் படம் மங்கல்தான்.

ஐந்தாவது படி: மூடுபனியிலிருந்து காப்பாற்றுங்கள்

நம் வீடுகளில் மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கும். அலுமாரியில் வைத்த சப்பாத்து பூஞ்சணம் பிடிக்கும். பாலைவனத்துக் கல்லை அந்தக் காற்றில் திறந்து வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா எடுங்கள். கல்லை மென்மையான பருத்தித் துணியில் சுற்றி, வேறு கல்லோடு உரசாமல் தனியாக வையுங்கள். புதிய சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்துப் போடுங்கள். நிறம் மாறும் வகை கிடைத்தால் நல்லது, ஈரம் குடித்து நிறைந்ததைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

குளிருக்கு அடுப்பங்கரையில் உட்காரும் பழக்கம் நமக்கு உண்டு. கல்லை அங்கே கொண்டுபோக வேண்டாம். அதன் உடலில் நீர் கலந்திருக்கிறது, சூடேறினால் அந்த நீரை இழந்து வெடிப்பு விடும். அழுக்கானால் உலர்ந்த துணி, அதுவும் போதாவிட்டால் சற்றே ஈரம் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, உடனே உலர்த்தல், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு பட்டுப் பக்கங்களில் மட்டும் பிடிக்கச் சொல்கிறேன். பாடம் முடிந்ததும் திரும்ப வாங்கி டப்பாவில் அடைக்கிறேன். தென்மேல் பருவக்காற்று தொடங்குமுன், ஏப்ரல் விடுமுறையில், சிலிக்கா பைகளை மாற்றி, நாளிதழ்த் துண்டு ஒன்றின் மேல் வைத்து எழுத்து முன்போலத் தெளிவாக ஏறுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.