சன்னல் இல்லாத சிறு கழிப்பறைக்கு வால்பேப்பர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை புதிதாக எழும் வீடுகளில், வரவேற்பறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே, பெரும்பாலும் மாடிப்படியின் அடியில், விருந்தினருக்கென்று ஒரு சிறு கழிப்பறை கட்டுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. நாலடிக்கு ஐந்தடி இடத்தில் ஒரு கோப்பை, ஒரு வாஷ்பேசின், ஒரு கண்ணாடி இருக்கும். குளிக்க இடம் இருக்காது, சன்னலும் இருக்காது. கட்டட வரைபடத்தில் பவுடர் ரூம் என்று எழுதப்படும் இந்த அறைக்குள் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் நுழைவதால், அதை அழகாக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. பரப்பு குறைவு என்பதால் வால்பேப்பர் ஒட்டச் செலவும் அதிகமாகாது. ஆனால், இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் ஒன்று மாற்றி ஒன்று சுவரை நனைக்கிற குமரி மாவட்டத்தில், இந்தத் தேர்வைக் கடையின் சாம்பிள் புத்தகத்திலிருந்து தொடங்குவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேராக இருக்கிறது. முதலில் சுவரைப் பார்க்க வேண்டும், அடுத்து விளக்கைப் பார்க்க வேண்டும். பூவும் இலையும் அதற்குப் பிறகுதான்.

சிமென்ட் பூச்சு, கையால் தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோலத் தெரியும். உள்ளே நீர் தங்கியிருக்கும். பூச்சு வேலை முடிந்து, நனைப்பதும் நின்ற பிறகு, குறைந்தது நான்கு வாரமாவது சுவரைக் காற்றாட விட வேண்டும். காற்றோட்டமே இல்லாத அறையில், அதுவும் மழை மாதங்களில், இது இன்னும் நீளும். கிரகப்பிரவேசத் தேதி நெருங்கிவிட்டது என்பதற்காக இந்தக் காத்திருப்பைச் சுருக்குகிறவர்களே அதிகம். ஈரத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கெட்டியான நிறமற்ற பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரங்களையும் இடைவெளி இல்லாமல் டேப்பால் சுவரில் ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கத்தில் பனித்துளிபோல நீர் படிந்திருந்தாலோ, அது மூடியிருந்த இடம் மட்டும் சுவரில் கருத்துத் தெரிந்தாலோ, அந்தச் சுவர் இன்னும் வால்பேப்பருக்குத் தயாராகவில்லை. இந்தச் சோதனையைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒன்றும், தண்ணீர்க் குழாய் செல்லும் சுவரில் ஒன்றும், மழைபடும் வெளிச்சுவரில் ஒன்றுமாகச் செய்வது நல்லது; ஏனெனில் மூன்றிலும் ஈரம் வரும் வழி வேறு வேறு.

இந்த மூன்றாவது சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியே தென்மேற்கு மழை பட்டு ஊறிய சுவர், அந்த ஈரத்தை உள்பக்கமாகவும் வெளியேற்றப் பார்க்கும். வெறும் பெயின்ட் அடித்த சுவராக இருந்தால், உப்புப் பூத்தோ பெயின்ட் உப்பியோ அது நமக்குத் தெரிந்துவிடும். வினைல் என்னும் பிளாஸ்டிக் பூசிய தாள் நீராவியைப் புகவிடாது என்பதால், வெளிவர முயலும் ஈரம் தாளுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டு, பசையையும் காகித அடிப்புறத்தையும் பூஞ்சைக்கு உணவாக்கிவிடும். வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில், குளிரூட்டப்பட்ட ஓட்டல் அறைகளின் வெளிச்சுவரில் ஒட்டிய வினைல் தாளுக்குப் பின்னே கரும்பூஞ்சை பரவுவது கட்டடப் பொறியாளர்கள் நன்கு அறிந்த சிக்கல். மார்த்தாண்டம் பக்கத்து வீடு ஒன்றில், பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத அழகிய தாளின் ஓர் ஓரம் வாஷ்பேசின் அருகே நகத்தளவு தூக்கியிருந்தது. அதை மெல்ல இழுத்தபோது, பின்பக்கம் முழுவதும் எள் தெளித்ததுபோலக் கரும்புள்ளிகள் இருந்தன. வெளிச்சுவரின் விரிசலை வெளிப்பக்கத்திலிருந்து அடைத்து, நீர்புகாப் பூச்சு கொடுத்து, ஒரு மழைக்காலம் கழித்துச் சுவர் காய்ந்தே இருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்தப் பக்கத்தில் தாள் ஒட்ட வேண்டும். அவ்வளவு காலம் பொறுக்க இயலாதவர்கள் அந்த ஒரு சுவரை மட்டும் பெயின்டோடு விட்டுவிட்டு, மற்ற மூன்றில் ஒட்டலாம். சிறு அறையில் அது குறையாகத் தெரியாது.

ஈர அறையும் வால்பேப்பரும் சேர்ந்தால் வரும் ஆபத்துக்கு ஐரோப்பாவில் ஒரு கொடிய வரலாறே உண்டு. சுவீடனைச் சேர்ந்த வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீல 1775-இல் உருவாக்கிய பச்சை நிறமியில் ஆர்செனிக் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பச்சை வால்பேப்பர்களில் பரவலாகப் பயன்பட்டது. ஈரமான அறைகளில் தாளின் மேல் வளர்ந்த பூஞ்சை, அந்த ஆர்செனிக்கை வாயுவாக மாற்றியது. இன்றைய தாள்களில் அந்த நஞ்சு இல்லை. பூஞ்சை மட்டும் அன்றுபோலவே இன்றும் ஈரத்தையும் மாவுப் பசையையும் தேடி வருகிறது.

சுவர் காய்ந்திருந்தாலும் அதன் மேற்பரப்பு உறுதியாக இல்லாவிட்டால் பயனில்லை. பழைய டிஸ்டெம்பர் கையில் மாவாக ஒட்டினால், தாள் டிஸ்டெம்பரில்தான் ஒட்டும், சுவரில் ஒட்டாது. சில மாதங்களில் இரண்டும் சேர்ந்தே உரிந்து வரும். அதைச் சுரண்டி எடுத்து, பட்டி பார்த்து, உப்புக்காகிதத்தால் தேய்த்து, பிரைமர் அடித்த பின்பே தாள் ஒட்ட வேண்டும். சுவருக்குள் புதைத்த குழாய்களையும் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும்படி பிளம்பரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

தாளின் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது, பெயரைவிட ரோலின் மேலுறையில் அச்சிட்டிருக்கும் குறியீடுகளே அதிகம் உதவும். அலை வடிவக் குறி கழுவும் தன்மையைக் குறிக்கிறது: ஓர் அலை என்றால் ஈரத்துணியால் லேசாக ஒற்றலாம், இரண்டு என்றால் துடைக்கலாம், மூன்று என்றால் நன்றாகவே கழுவித் துடைக்கலாம். தூரிகைக் குறி இருந்தால் தேய்த்தும் கழுவலாம். இந்த அறைக்கு மூன்று அலைக்குக் குறைந்த தாளை எடுக்க வேண்டாம். சூரியக் குறி நிறம் மங்காத் தன்மையைச் சொல்வது. வெயிலே நுழையாத அறையில் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. கோரைப்புல்லிலும் சணலிலும் நெய்த இயற்கை நார்த் தாள்கள் கண்ணைக் கவரும். ஆனால் தண்ணீர் தெறித்த இடமெல்லாம் அவற்றில் நிரந்தரக் கறையாகிவிடும் என்பதால், கழிப்பறைக்கு அவை அறவே பொருந்தாது. நெய்யாத நாரை அடிப்புறமாகக் கொண்டு மேலே வினைல் பூசிய தாள், ஈரத்தில் நீண்டு சுருங்காது; பிற்காலத்தில் மாற்ற நேர்ந்தாலும் முழுத் துண்டாக உரிந்து வரும். என் பரிந்துரை அதுதான். பசையும் பூஞ்சைத் தடுப்பு சேர்த்ததாக இருக்க வேண்டும். மாவுப் பசையைத் தேடி இராமபாணப் பூச்சியும் கரப்பானும் வரும் என்பதையும், கரையான் உள்ள மனையில் காகித அடிப்புறம் அதற்கு இரையாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துத் தரை வரை தாள் ஒட்டச் சொல்கிறவர்கள், அந்த ஊர்க் கழிப்பறையையும் நம் கழிப்பறையையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். நம் வீடுகளில் கோப்பை அருகே ஹெல்த் ஃபாசெட் இருக்கும். தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம். அமிலம் கலந்த கிளீனரைத் தெளித்துத் தேய்ப்போம். ஆகவே தரையிலிருந்து குறைந்தது நான்கடி உயரத்துக்கு டைல் ஒட்டி, அதற்கு மேல் மட்டுமே வால்பேப்பர் வருவதுதான் இங்கே சரியான முறை. டைலும் தாளும் சேரும் கோட்டில் மெல்லிய பட்டை ஒன்றைப் பதித்து, இடைவெளியைச் சிலிகோன் சீலன்ட் கொண்டு அடைத்துவிட்டால், தாளின் கீழோரம் நீரை உறிஞ்சாது. வாஷ்பேசினுக்குப் பின்னால் மட்டும் டைலை அல்லது கண்ணாடியை இன்னும் இரண்டடி உயர்த்திக்கொள்ள வேண்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் விஷயத்தில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. வெளிச்சுவருக்குக் குழாய் இழுக்கும் செலவுக்கு அஞ்சி, ஃபேனை மாடிப்படி அடியில் உள்ள அலமாரிக்குள்ளோ ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலோ திறந்து விடுவது ஒன்று. அது ஈரத்தை இடம் மாற்றுகிறதே தவிர வெளியேற்றுவதில்லை. விளக்கு அணைந்ததும் ஃபேனும் நின்றுபோகும்படி இரண்டையும் ஒரே சுவிட்சில் இணைப்பது மற்றொன்று. நான்குக்கு ஐந்து, ஒன்பதடி உயரம் என்றால் அறையின் கொள்ளளவு 180 கன அடி. நிமிடத்துக்கு 50 கன அடி இழுக்கும் சிறு ஃபேன் அந்த அளவுக் காற்றை நான்கு நிமிடத்துக்குள் வெளியேற்றிவிடும், ஆனால் ஆள் வெளியே வந்த பிறகும் அது ஓட வேண்டும். புதிய காற்று நுழையக் கதவின் அடியில் அரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். அடைமழை நாட்களில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் ஃபேன் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். எனவே தரையைக் கழுவியதும் வைப்பரால் தள்ளி உலர்த்திவிட்டு, யாரும் இல்லாத வேளையில் கதவைத் திறந்தே வைப்பது அவசியம்.

இனி நிறமும் வடிவமும். சிறிய இருட்டறை என்றால் வெள்ளையோ வெளிர் நிறமோதான் என்று ஏறக்குறைய எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். பகல் வெளிச்சம் வரும் அறைக்கு அது சரி. வெளிச்சமே வராத அறையில் வெள்ளைச் சுவர் திருப்பி அனுப்ப ஒளி இல்லாமல் சாம்பல் பூத்தும், மூலைகளில் அழுக்கேறியதுபோலவும் தெரியும். ஆழ்ந்த பச்சை, கருநீலம், செங்காவி போன்ற நிறங்கள் இங்கே மூலைகளின் விளிம்பை மறைத்து, அறையின் எல்லை எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடாமல் செய்துவிடுகின்றன; சில நிமிடங்களே இருக்கும் அறை என்பதால் அந்த அழுத்தம் மூச்சுமுட்டவும் செய்யாது. இது என் தேர்வு. வெளிர் நிறமே வேண்டும் என்பவர்கள் வெள்ளையை விட்டுவிட்டு, சந்தன நிறமோ இளமஞ்சளோ எடுக்கலாம்.

விளக்கை முடிவு செய்யாமல் நிறத்தை முடிவு செய்வது, இந்த அறையில் செய்யக்கூடிய மிகப் பெரிய ரசனைத் தவறு. கடையில் கண்ணாடி முகப்பின் அருகே பகல் வெளிச்சத்தில் பார்த்த தாள், வீட்டில் ஒருபோதும் பகல் வெளிச்சத்தைக் காணப்போவதில்லை. 6500 கெல்வின் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கில் செங்காவி பழுப்பாகச் சோர்ந்துவிடும்; மஞ்சள் சாயல் கொண்ட 2700 அல்லது 3000 கெல்வின் விளக்கில் அதே தாள் செம்மண் நிறம் திரும்பி உயிர் பெறும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. மதிப்பு 90-க்கு மேல் உள்ள விளக்கைக் கேட்டு வாங்குங்கள். கடையிலிருந்து பெரிய மாதிரித் துண்டு ஒன்றை வாங்கி வந்து, அறையில் அந்த விளக்கை மாட்டி, கதவைச் சாத்தி, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி, ஒரு வாரம் போகவர அதைப் பாருங்கள். கண்ணாடியில் உங்கள் முகம் எந்த நிறத்தில் தெரிகிறது என்பதையும் அப்போதே கவனியுங்கள். அடர்பச்சைத் தாள் முகத்தில் பச்சை சாயலைப் படரவிடுவது உண்டு. சுவரை ஒட்டி, கூரையிலிருந்து கீழ்நோக்கி ஒளிவீசும் டவுன்லைட், பட்டியின் மேடு பள்ளத்தையும் தாளின் இணைப்புகளையும் நிழலிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடியின் இருபுறமும் விளக்கு வைப்பதே சுவருக்கும் முகத்துக்கும் நல்லது. பளபளப்பான தாள்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். உலோகத் தகடு பூசிய தாள் மின்சாரம் கடத்தும் என்பதால், அதைச் சுவிட்ச் பெட்டியின் மூடிக்கு அடியில் செருகவே கூடாது.

சின்ன அறைக்குச் சின்னப் பூ என்பதும் பொருந்தாத கணக்கே. கையெட்டும் தூரத்தில் நான்கு பக்கமும் பொடிப்பூக்கள் நெருங்கினால் கண் களைத்துவிடும். பெரிய வாழையிலையோ கொடியோ படர்ந்த தாள் அதே இடத்தில் நிதானமாக அமரும். நெடுங்கோடுகள் உயரத்தைக் கூட்டிக்காட்டும் என்பது உண்மைதான், ஆனால் மூலை தூக்குக்குண்டுக்கு நேராக இல்லாத சுவரில் அவை அந்தச் சாய்வையும் சேர்த்தே கூட்டிக்காட்டும். படிக்கட்டின் சரிவு கூரையாக இறங்கும் அறைகளில் கோடுகளை முற்றிலும் தவிர்ப்பது நல்லது.

ரோல் கணக்கில் பரப்பை மட்டும் வகுத்துப் பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர். வழக்கமான ரோல் 53 செ.மீ. அகலம், 10.05 மீட்டர் நீளம். அதாவது சுமார் 57 சதுர அடி. மேலே சொன்ன அறையில் டைலுக்கு மேல் ஐந்தடி உயரம் ஒட்டுவதாக வைத்தால், 18 அடிச் சுற்றளவுக்குக் கதவைக் கழிக்காமலே 90 சதுர அடிதான் வருகிறது. இரண்டு ரோல் தாராளம் என்று தோன்றும். தாளில் வடிவம் 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருவதாக இருந்தால், பூவோடு பூ சேர ஒவ்வொரு துண்டையும் 192 செ.மீ. நீளத்துக்கு வெட்ட நேரும். ஒரு ரோலில் ஐந்து துண்டுதான் கிடைக்கும். இரண்டரை அடிக் கதவு போக ஒன்பது முழுத் துண்டும், கதவுக்கு மேல் சிறு துண்டுகளும் வேண்டும் என்பதால் இரண்டு ரோலும் மட்டுமட்டாக முடிந்துவிடும்; ஒரு துண்டு கிழிந்தாலும் வேலை நின்றுபோகும். மூன்று ரோல் வாங்குங்கள். மூன்றிலும் ஒரே பேட்ச் எண், அதாவது ஒரே தடவையில் அச்சிட்டவை என்று காட்டும் எண், இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். திருவனந்தபுரத்தில் வாங்கி வந்த தாளுக்குப் பின்னாளில் ஒரே ஒரு ரோல் தேடிப் போனால், அதே எண் கிடைப்பது அரிது. எண் மாறினால் நிறம் இழையளவாவது மாறும். சுற்றி வந்து முடியும் இடத்தில் வடிவம் சேராது என்பதால், ஒட்டுகிறவரிடம் கதவுக்குப் பின்னுள்ள மூலையில் வேலையைத் தொடங்கி அங்கேயே முடிக்கச் சொல்லுங்கள்.

வேலைக்கு உகந்த காலம் தை முதல் பங்குனி வரை. சுவரும் காற்றும் அப்போதுதான் ஒருசேரக் காய்ந்திருக்கும். மிஞ்சிய தாளைப் பேட்ச் எண் எழுதிய உறையோடு சேர்த்து, படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் படுக்க வைத்துப் பாதுகாக்க வேண்டும். கழிப்பறை லாஃப்டில் போட்டால், தேவைப்படும் நாளில் அது உதவாது.