நடந்தே வாழ ஒரு சிற்றூர்: குடியேறும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம்” என்று வீட்டுத் தரகர் சொன்னபோது, யாருடைய ஐந்து நிமிடம் என்று நான் கேட்கவில்லை. அவர் பைக்கில் போகிறவர். பைக்குக்கு ஐந்து நிமிடம் என்றால் இரண்டரை கிலோமீட்டர். எழுபது வயதைத் தாண்டிய அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போனால் அதே தூரம் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. சென்னையிலிருந்து சிதம்பரத்துக்குக் குடிபெயர்ந்த முதல் வாரத்திலேயே இது புரிந்துவிட்டது. எங்களிடம் காரும் இல்லை, பைக்கும் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. வாடகை குறைவாக இருக்க வேண்டும், எங்கும் நடந்தே போய்வர வேண்டும் என்றுதான் ஊர் மாறினோம். ஊரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தோம், தெருவில் கோட்டைவிட்டோம்.

இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற முதல் தவறு இதுதான். சிதம்பரம் நடப்பதற்கென்றே அமைந்தது போன்ற ஊர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 62,000. நடராசர் கோயில் நடுவில். அதைச் சுற்றிக் கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி என நான்கு தேரோடும் வீதிகள். தேர் திரும்ப வேண்டும் என்பதற்காகவே அகலமாக விட்ட வீதிகள் இவை. அதனால் இன்றைக்கும் ஒருவர் ஓரமாக நடந்துபோக இடம் இருக்கிறது. மருந்துக்கடை, மளிகை, காய்கறி, தையற்கடை, வங்கி எல்லாம் இந்த நான்கு வீதிகளிலும் அவற்றிலிருந்து பிரியும் சந்துகளிலும் இருக்கின்றன. ரயில் நிலையம் தென்கிழக்கே. எந்த வீதியிலிருந்து புறப்பட்டாலும் அரை மணி நேர நடையில் போய்விடலாம். தேரோடும் வீதியுள்ள பழைய கோயில் ஊர்கள் பலவற்றுக்கும், மன்னார்குடிக்கும் சீர்காழிக்கும்கூட, இந்த அமைப்பு ஏறக்குறையப் பொருந்தும்.

ஆனால் வாடகைக்குக் கிடைப்பதாகத் தரகர்கள் காட்டும் வீடுகள் அங்கே இருப்பதில்லை. புறவழிச்சாலையை ஒட்டி, போன தலைமுறையில் வயலாக இருந்த இடத்தில் மனை பிரித்துப் போட்ட ஏதோ ஒரு ‘நகர்’ அல்லது ‘நகர் விரிவாக்கம்’. வீடு புதிது, காற்றோட்டம் நன்றாக இருக்கும், வாடகையும் குறைவு. முதல் நாள் மாலை கொத்தமல்லி வாங்கப் போனபோதுதான் தெரு முனையில் கடையே இல்லை என்பது தெரிந்தது. கடை இருந்த சாலை வரை ஒரு மரம்கூட இல்லை.

அந்த நகரில் எங்கள் வாடகை 6,500 ரூபாய். மேலவீதிப் பக்கம் அதே அளவு வீட்டுக்கு 9,000 கேட்டார்கள். மாதம் 2,500 மிச்சம் என்று நினைத்தோம். மாதக் கடைசியில் ஆட்டோவுக்குக் கொடுத்ததைக் குறிப்பேட்டில் கூட்டிப் பார்த்தால் 3,400. சிற்றூர் ஆட்டோக்களில் மீட்டரை எதிர்பார்க்க முடியாது; ஊருக்கு வெளியே போவதென்றால், திரும்பும்போது சவாரி கிடைக்காது என்று அதையும் சேர்த்தே கேட்கிறார்கள். அவர்கள் பக்கம் அது நியாயம்தான். ஆகவே வாடகையை மட்டும் தனியே வைத்துப் பார்க்காதீர்கள். வாடகை, ஆட்டோ, வெயிலுக்குப் பயந்து வீட்டுக்கே வரவழைக்கும் பொருள்களின் கூடுதல் விலை மூன்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ஏழு மாதம் கழித்து மேலவீதியை ஒட்டிய ஒரு சந்துக்கு மாறினோம். இப்போது எங்கள் ஆட்டோச் செலவு மாதம் இருநூறைத் தாண்டுவதில்லை.

ஊர் சிறியதாக இருந்தால் நடக்க எளிது என்று நினைப்பது அடுத்த தவறு. மிகச் சிறிய பேரூராட்சியில் ஊருக்குள் நடப்பது எளிதுதான். ஆனால் பல் வலித்தால், வங்கியில் ஒரு கையெழுத்துப் போட வேண்டுமென்றால், ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றால் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும். என் அனுபவத்தில் நல்ல அளவுகோல் ஒன்று உண்டு: தாலுகா தலைநகராக இருக்க வேண்டும், ஊருக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்க வேண்டும். தாலுகா தலைநகர் என்றால் வட்டாட்சியர் அலுவலகம் இருக்கும். அரசு மருத்துவமனை, நீதிமன்றம், சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவையும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அவற்றுக்கு வரும் மக்களை நம்பி உணவகங்களும் மருந்துக்கடைகளும் நாள் முழுக்கத் திறந்திருக்கும்.

ரயில் நிலையத்தைப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிலையத்தின் பெயரில் ‘ரோடு’ என்று இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அந்த ஊருக்குப் போகும் சாலை அங்கிருந்து பிரிகிறது என்பதுதான் பொருள். ஊர் வேறெங்கோ இருக்கும். கொடைக்கானல் ரோட்டில் இறங்கியவர் கொடைக்கானலுக்கு மலையேறி இன்னும் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். தேவகோட்டை ரோடு நிலையமும் தேவகோட்டையிலிருந்து தள்ளியே இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத் தலைநகர்தான், ஆனால் அங்கே ரயில் நிலையமே கிடையாது. இதெல்லாம் வரைபடத்தில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுத்துவிட்டு வருந்துகிறவர்கள் உண்டு.

நிலையம் ஊருக்குள் இருந்தாலும் வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். சென்னை எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் வண்டிகள் பல, சிதம்பரத்துக்கு நள்ளிரவு தாண்டித்தான் வருகின்றன. அதிகாலை இரண்டரை மணிக்குப் பையோடு இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு எரிகிறதா? அந்த வழியில் நாய்கள் எத்தனை? நகரவாசிகள் யாரும் இதை முன்கூட்டி யோசிப்பதில்லை. நடந்து போகிறவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும், ஒரு தெருவை அணுக முடியாததாக ஆக்குவதற்கு நான்கு நாய்கள் போதும். அம்மா இப்போதும் குறிப்பிட்ட ஒரு சந்தைத் தவிர்த்துச் சுற்றித்தான் போகிறார். வீடு பார்க்கப் போகும்போது இரவு ஒன்பது மணிக்கும் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். பகலில் சாதுவாகப் படுத்திருந்தவை அப்போது எழுந்து நிற்கும்.

பெரும்பாலானவர்கள் ஊர் பார்க்க வருவது மார்கழி, தை மாதங்களில். பனிக்காற்று, பச்சை வயல், தெருவெல்லாம் கோலம். எந்த ஊரும் அப்போது அழகாகத்தான் இருக்கும். காவிரிப் படுகை ஊர்களைச் சோதித்துப் பார்க்க இரண்டு பருவங்கள் உண்டு. ஒன்று அக்கினி நட்சத்திரம். மே மாதம் பகல் பதினொன்றரைக்கு வீட்டிலிருந்து மருந்துக்கடை வரை நடந்து பார்த்தால், வழியில் எத்தனை புங்கை மரம், எத்தனை வேப்பமரம், எந்தக் கடையின் முன்கூரை நிழல் தருகிறது என்பதெல்லாம் மனப்பாடமாகிவிடும். இன்னொன்று ஐப்பசி, கார்த்திகை மழை. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது எந்தத் தெருவில் தண்ணீர் வடிய எத்தனை மணி நேரமாகிறது என்பதைத் தரகர் சொல்ல மாட்டார். பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வார். அந்த வீட்டுப் படிக்கட்டு ஏன் இவ்வளவு உயரமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டாலே போதும், போன பத்து வருட வெள்ளக் கதையும் வந்துவிடும்.

பஸ் விஷயத்தில் எல்லோரும் கேட்பது “பஸ் வசதி உண்டா?” என்று. உண்டு என்ற பதிலில் ஒரு தகவலும் இல்லை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை ஓடுமா, பள்ளி விடுமுறையில் எத்தனை டிரிப் குறையும் என்று கேளுங்கள். மினி பஸ்ஸை நம்பி வீடு பார்ப்பவர்கள் இதை அவசியம் கேட்க வேண்டும். அரசு நகரப் பேருந்தா, தனியார் பஸ்ஸா என்பதும் முக்கியம். 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வண்டி வைத்துக்கொள்ளாத குடும்பத்துக்கு இது பெரிய உதவி. அம்மாவும் தங்கையும் அண்ணாமலைநகருக்கு மருத்துவமனைக்குப் போய்வருவது இதில்தான். ஆனால் வெளியூர்ப் பேருந்துகளிலும் தனியார் வண்டிகளிலும் இந்தச் சலுகை கிடையாது. உங்கள் நிறுத்தத்தில் நிற்பது எந்த வண்டி என்று ஒரு மணி நேரம் அங்கேயே நின்று பாருங்கள்.

இன்று ஐந்து நிமிட நடையில் இருக்கும் பேருந்து நிலையம் நாளையும் அங்கேயே இருக்கும் என்று எண்ணுவதுதான் என் பார்வையில் மிகவும் ஏமாற்றும் தவறு. கோயம்பேட்டில் இருந்த வெளியூர்ப் பேருந்து நிலையம் ஊர் எல்லைக்கு வெளியே கிளாம்பாக்கத்துக்குப் போனதைச் சொன்னால் சென்னைக்காரர்களுக்கு உடனே புரியும். தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையத்தையும் புதிய பேருந்து நிலையத்தையும் இணைக்கவே தனியாக நகரப் பேருந்துகள் ஓட வேண்டியிருக்கிறது. சிறிய ஊர்களிலும் நெரிசலைக் காரணம் காட்டி நிலையத்தைப் புறவழிச்சாலைக்குக் கொண்டுபோகும் திட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கார் வைத்திருப்பவருக்கு அது வசதி. நடக்கிறவருக்கு வெளியூர்ப் பயணம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆட்டோ கூடுகிறது. அடுத்த ஐந்தாண்டில் பேருந்து நிலையம் எங்கே வரப்போகிறது என்று நகராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். பேருந்து நிலைய வாசலில் பூக்கட்டி விற்கும் அம்மாவிடமும் கேளுங்கள். அவர் பிழைப்பு அதில் இருக்கிறது, சரியாகச் சொல்வார்.

சுற்றுலாவுக்குப் போய்ப் பிடித்துப்போன ஊரை வசிக்கத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. குன்னூர், ஏற்காடு போன்ற மலையூர்களில் தூரம் குறைவாகத் தெரியும், ஆனால் ஏற்றம் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். சீசனில் விலைவாசி எங்கோ போய்விடும். திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிறைந்துவிடுகிறது. அன்றைக்குப் பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிற்கும். பக்தராகப் போகிறவருக்கு அது பரவசம். பால் வாங்கப் போகிற உள்ளூர்க்காரருக்கு மாதத்தில் இரண்டு நாள் வீட்டுக்குள் அடைபட வேண்டியதுதான். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை என ஆண்டுக்கு இரண்டு தேர். எங்களுக்கு அது தொல்லையே இல்லை, அம்மா வாசலில் நின்றே தேர் பார்க்கிறார். கும்பகோணத்தில் வீடு பார்ப்பவர்கள் 2028-இல் மகாமகம் வருவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதை முன்னிட்டு வாடகை ஏறக்கூடும்.

வீட்டைப் பற்றியும் கொஞ்சம். தேரோடும் வீதிகளை ஒட்டிய பழைய வீடுகள் குறுகலாக, நீளமாக இருக்கும். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் தாண்டிக் கொல்லைப்புறத்தில் கழிப்பறை. இரவில் முதியவர் ஒருவர் அதுவரை எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். குழாய்த் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். உப்பாக இருந்தால் இருபது லிட்டர் கேன்தான் கதி. மாடி வீடென்றால் அதை யார் ஏற்றுவது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொரு விஷயத்தை மூடி மறைக்க எனக்கு மனமில்லை. நடக்க ஏற்ற இந்தப் பழைய தெருக்களில்தான் “நீங்கள் என்ன ஆட்கள்?” என்ற கேள்வியும் வருகிறது. சைவமா என்று கேட்பதுபோல் தொடங்கிச் சாதியில் முடிப்பார்கள். எங்களை இரண்டு வீடுகளில் அப்படிக் கேட்டார்கள். இரண்டையும் விட்டுவிட்டோம். ஒரு ஊர் எல்லோருக்கும் நடக்கத் தெரு தருகிறது, குடியிருக்க வீடு தர மறுக்கிறது என்றால் அது அந்த ஊரின் குறைதான். குடியேற வருகிறவர்கள் இதையும் எதிர்பார்த்தே வர வேண்டியிருக்கிறது என்பது வேதனை. மூன்றாவது வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “மாதம் எத்தனாம் தேதி வாடகை தருவீர்கள்?”

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. சிற்றூரில் “நமக்குள் எதற்குப் பத்திரம்” என்று அன்பாகச் சொல்வார்கள். அன்பு இருக்கட்டும், பத்திரமும் இருக்கட்டும். ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்க்காமல் வீடு வாங்கிவிடாதீர்கள்.

முடிவெடுக்கும் முன் அந்த ஊரில் ஒரு லாட்ஜில் மூன்று நாள் தங்குங்கள். ஒரு நாள் ஞாயிறாக இருக்கட்டும். ஆட்டோ ஏறாதீர்கள், உறவினரின் பைக்கில் உட்காராதீர்கள். காலை ஆறு மணிக்கு உழவர் சந்தையோ மார்க்கெட்டோ எதுவோ அங்கே போய், ஒரு வாரக் காய்கறி வாங்குங்கள். மளிகைக் கடையில் ஐந்து கிலோ அரிசி வாங்குங்கள். இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு நீங்கள் பார்த்துவைத்திருக்கும் வீட்டு வாசல் வரை நடந்துபோய், அந்தப் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எழுந்து மறுபடி நடக்க மனம் வருகிறதென்றால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு முன்பணம் பேசலாம்.