ஏகாதசி விரதம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வைகுண்ட ஏகாதசியன்று முதன்முறையாக முழு உபவாசம் இருந்த என் தங்கை மகன், இரவெல்லாம் கண்விழித்துவிட்டு விடியற்காலையில் படுத்து, மறுநாள் நண்பகல் 12 மணிக்கு எழுந்து வந்து இலை முன் உட்கார்ந்தான். ஏகாதசிக்கு அடுத்த திதியான துவாதசிக்குள் உண்டு விரதத்தை முடிக்க வேண்டும்; அதுவோ வெகுமுன்பே முடிந்திருந்தது. 26 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழையை அப்படியே அவனிடம் கண்டதால்தான் இதை எழுதுகிறேன். ஏகாதசியன்று அரிசிச் சோறு உண்ணக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை நான் விளக்கப் போவதில்லை.

பாரணை நேரத்தைத் தவறவிடுவது

இந்த விரதம் மூன்று திதிகளைத் தொட்டு நிற்பது. தசமியில் ஒருவேளை உணவு, ஏகாதசியில் உபவாசம், துவாதசியில் பாரணை, அதாவது உண்டு விரதத்தை முடிப்பது. பாரணையைப் பசியாறும் வேளை என்று மட்டும் நினைப்பவர்கள், எவ்வளவு தாமதமாக உண்கிறோமோ அவ்வளவு புண்ணியம் என்று தாமாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். உண்மையில் பாரணையும் விரதத்தின் ஓர் அங்கம். உரிய நேரத்தில் அதைச் செய்யாவிட்டால் முதல்நாள் இருந்த உபவாசம் நிறைவு பெறுவதில்லை.

அதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. துவாதசித் திதியின் முதல் கால் பகுதிக்கு ஹரிவாசரம் என்று பெயர். அது கழியும் முன் உண்ணக் கூடாது. துவாதசி முடிவதற்குள் உண்டுவிடவும் வேண்டும்.

நான் ஓர் ஆண்டு முழுவதும் ஏகாதசி இருப்பதாகச் சங்கல்பம் செய்துகொண்டு, 19ஆவது ஏகாதசியை முடித்திருந்தேன். மறுநாளுக்குரிய பஞ்சாங்கக் கட்டத்தில் ‘துவாதசி 5-30’ என்று இருந்ததை மாலை ஐந்தரை மணி என்று எடுத்துக்கொண்டு, நிதானமாகக் குளித்து, கோயிலுக்குப் போய், 11 மணிக்கு வீடு திரும்பினேன். அடுப்படியில் அகத்திக்கீரை ஆறிப்போயிருந்தது. “துவாதசி எட்டேகாலுக்கெல்லாம் போயிடுத்தேடா, இத்தனை நேரம் எங்கே இருந்தே?” என்று பாட்டி கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. பஞ்சாங்கத்தில் இருந்தது கடிகார மணி அன்று. சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டிய நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், அதாவது 60 விநாழிகை. 5 நாழிகை 30 விநாழிகை என்றால் 2 மணி 12 நிமிடம். அன்றைய உதயம் 6.10 என்பதால் 8.22க்குத் துவாதசி முடிந்துவிட்டது. சங்கல்பத்தை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார் பாட்டி; தொடங்கினேன். நாழிகையையும் மணியையும் குழப்பிக்கொள்பவர்களை இன்றும் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது.

பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் அம்பரீஷ மகாராஜாவுக்கு நேர்ந்த நெருக்கடியும் இதுதான். விருந்தினராக வந்த துர்வாச முனிவர் யமுனையில் நீராடப் போய்த் திரும்பவில்லை. துவாதசியோ அரை முகூர்த்தம், அதாவது ஒரு நாழிகைதான் மீதமிருந்தது. அதிதிக்கு முன் உண்பதும் குற்றம், பாரணையைத் தவறவிடுவதும் குற்றம் என்ற நிலையில், தண்ணீர் அருந்துவது உண்டதாகவும் ஆகும், உண்ணாததாகவும் ஆகும் என்று பெரியோர் சொன்னபடி அவர் தண்ணீரை மட்டும் பருகினார். அதிகாலையில் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கும் இது வழிகாட்டுகிறது: சமையல் முடியாவிட்டாலும் உரிய நேரத்திற்குள் துளசித் தீர்த்தத்தையாவது பருகிவிடுங்கள்.

துவாதசிச் சமையலில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும், புளி சேர்ப்பதில்லை. வெறும் வயிற்றில் பூரியும் காரக்குழம்பும் இறங்கினால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பட்டவர்கள் அறிவார்கள்.

பலகாரம் என்ற பெயரில்

பழமாகிய ஆகாரம் என்பதே பலகாரம் என்ற சொல்லின் மூலப்பொருள். சோற்றை விலக்கிவிட்டு அடையையும் உப்புமாவையும் வயிறு நிறைய உண்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். உபவாசம் என்றால் இறைவன் அருகில் வசித்தல். ஞானேந்திரியங்கள் ஐந்து, கர்மேந்திரியங்கள் ஐந்து, மனம் ஒன்று என்ற பதினொன்றையும் அவனிடம் ஒடுக்கும் நாள் இது என்று பெரியோர் சொல்வார்கள். என்ன பலகாரம் செய்யலாம் என்றே பொழுது கழிந்தால் மனம் அடுப்படியில்தான் வசிக்கிறது.

இரண்டு பஞ்சாங்கம்

வாக்கியமோ திருக்கணிதமோ, வீட்டு வழக்கப்படி ஒன்றை மட்டும் பாருங்கள். ஏகாதசி இரண்டு நாட்களில் குறிக்கப்பட்டிருந்தால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். உதயத்திற்கு 4 நாழிகை முன்னர்த் தொடங்கும் அருணோதயத்தில் தசமி கலந்திருந்தால் வைணவர்கள் அடுத்த நாளையே கொள்வார்கள்.

தசமி இரவு

நாளை பட்டினி என்று இன்று இருமடங்கு உண்ணாதீர்கள்.

துவாதசிப் பகல்

உறங்கக் கூடாது.

மருந்து

தண்ணீர், கிழங்கு, பழம், பால், மருந்து ஆகியவை விரதத்தைக் கெடுக்காதவை என்று சாஸ்திரம் சொல்லும் எட்டில் அடங்கும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல், தண்ணீரும் அருந்தாத நிர்ஜல உபவாசத்தில் இறங்கக் கூடாது. என் பாட்டி தமது கடைசி ஆண்டுகளில் பாலும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு, மாத்திரையையும் விடாமல்தான் ஏகாதசி இருந்தார்.