எல்லையோரப் பாசன மின்சாரம்: கொள்கைக் குழுவை நடத்தும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பாசன மின்சாரத்துக்குப் பரிந்துரை எழுதும் குழுவுக்குத் தலைவர் முதலில் தெளிவாக்க வேண்டியது, முடிவெடுப்பவர் யார் என்பதை. கட்டணத்தை நிர்ணயிப்பது, 2003 மின்சாரச் சட்டப்படி, மாநில ஒழுங்குமுறை ஆணையம். மானியம் தருவது அரசு. இதைக் குழப்பினால் நல்ல அறிக்கையும் சம்பந்தமில்லாத அலுவலகத்தில் கிடக்கும்.

குழுவில் கட்டணக் கணக்கு தெரிந்தவர், மோட்டார் தெரிந்தவர், தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுபவர் கட்டாயம். மூன்றாமவரைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது பெரிய தவறு.

கள ஆய்வில் அதிகம் பிசகுவது நுகர்வுக் கணக்கு. 5 குதிரைத்திறன் மோட்டாரின் வெளியீடு 3.73 கிலோவாட். 80 சதவீதச் செயல்திறனில் அது இழுப்பது சுமார் 4.7 கிலோவாட், தினம் 4 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 19 யூனிட். பெயர்ப்பலகையை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே உள்ள காயிலை (கம்பிச் சுருளை) பலமுறை மாற்றிக் கட்டிய மோட்டாரின் செயல்திறன் குறைந்திருக்கலாம். கம்பியைக் கவ்விப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரால் மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் பாருங்கள். வோல்டேஜையும் கூடவே குறியுங்கள், இல்லாவிட்டால் அந்த அளவு பயன்படாது.

தமிழ்நாட்டுப் பக்கம் விவசாய மின்சாரம் இலவசம். ஆகவே இரு பக்கத்து நுகர்வையும் ஒரே சராசரியில் கலக்கவே கூடாது.

வரைவு முடிந்ததும், அனுப்புமுன் விவசாயிகளிடம் தமிழில் படித்துக்காட்டி, அவர்கள் மறுக்கும் எண்களை மறுபடி அளந்து பாருங்கள்.