முட்டித் தேய்மானம்: கட்டிலில் படுக்க வைக்காதீர்கள்

எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் 'தேய்மானம்' என்று சொல்லிவிட்டால் போதும், வீட்டில் எல்லோரும் ஒன்று சேர்ந்து சொல்வார்கள்: "இனி நீங்க எந்திரிக்கவே வேண்டாமுங்க ஆத்தா, கேக்கறது எல்லாம் கட்டிலுக்கே வரும்." பாசம்தான். ஆனால் மூட்டு வலிக்காரர்களுக்கு நாம் செய்யும் தவறுகளில் இதுதான் பெரியது என்பேன்.

மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான் அதற்குச் சாப்பாடு. கால் மடங்கி நீளும்போதுதான் அது நன்றாக உள்ளே போய் வரும். படுத்தே கிடந்தால் முட்டியைத் தாங்கும் தொடைச் சதையும் வற்றிவிடும். அப்புறம் நாலு எட்டு வைத்தாலே வலி கூடும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, 5 எண்ணி மெல்ல இறக்கச் சொல்லுங்கள். காலுக்கு 10 தடவை, காலையும் மாலையும். சீரியல் பார்த்துக்கொண்டே செய்யலாம். லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் வலி இறங்கவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறைக்கலாம்.

சமதரையில் நடப்பது வேறு, மலை ஏறுவது வேறு. சென்னிமலைக்கு 1,320 படி. வேண்டுதல் என்று வலியோடு ஏறிவிட்டு ஒரு வாரம் படுப்பவர்கள் உண்டு. இறங்கும்போதுதான் முட்டி இன்னும் படுத்தும். மலைமேல் வரை ரோடு இருக்கிறது. பழனியில் வின்ச் இருக்கிறது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது, மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை. டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் வலியைக் குறைக்கும், சரி. மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரலாம், கிட்னி கெடலாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல். டைக்ளோபினாக் களிம்பாகவும் கிடைக்கிறது; முதலில் அதைப் பூசிப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெயர் ஒட்டாத பொட்டலப் பொடி இரண்டே நாளில் வலியை விரட்டினால் சந்தேகப்படுங்கள், ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். நாள்பட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும். அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

உடம்பு கனமாக இருந்தால், குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு எட்டிலும் முட்டிமேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது.

கைத்தடியைப் பலர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும்.

முட்டி திடீரென வீங்கிச் சூடாகி, கூடவே காய்ச்சலும் வந்தால் தேய்மானம் என்று விட்டுவிடாதீர்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.